சொப்ரானோவாம், சொப்ரானோ!

ரொம்ப நாளா மனசுக்குள்ளயே குமுறிட்டு இருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். திட்டணும்னா பின்னூட்டத்துல திட்டுங்க, வாங்கிக்கறேன் :-)

நாங்க இருக்கறது நியூ ஜெர்சியில. இங்க ஹைஸ்கூல்ல வருஷா வருஷம் ஒரு பிராட்வே மியூசிக்கல் போடுவாங்க. போன வருஷம் என் பொண்ணு ஒன்பதாவது. ஆடிஷனுக்குப் போறேன்னா. பாட்டுச் சொல்லித்தர ஒரு அம்மாகிட்ட சேர்த்துவிட்டோம். முதல் நாளே பியானோவுல ஒவ்வொரு கட்டையா மேல ஏத்திக்கிட்டே போனாங்க. இவ மேல் 'ஜி'யை ஒரே ஒரு தடவை தொட்டா. "ஆஹா, சொப்ரானோ! சொப்ரானோ புக்கை வாங்குங்க"ன்னுட்டாங்க. நானும் பெருமையா வாங்கினேன். ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட பீத்திக்கவும் செஞ்சேன். தப்புல எனக்கும் பாதி பங்கு உண்டுங்கறதை முதல்லயே ஒத்துக்கறேன்.

மூணு வாரம் பிராக்டீஸ். சாயங்காலம் ஆனா குரல் கம்மிடும். வெந்நீர், மிளகுப்பால், தங்கமணியோட அர்ச்சனைன்னு எல்லாம் நடந்துச்சு. ஆடிஷன்ல ரெண்டாவது வரியிலயே குரல் உடைஞ்சு போச்சு. கார்ல வந்து உக்காந்தவ, "அப்பா, என் குரல் நல்லால்ல. இனிமே பாடலை"ன்னா.

குரல் நல்லாத்தான் இருந்துச்சு. புத்தகம்தான் அவளுக்கானது இல்லை.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ஒரு குரல் எதுவரைக்கும் எட்டும்ங்கறது ரேஞ்ச். அது எந்த இடத்துல சிரமமில்லாம குடியிருக்கும்ங்கறது வேற. அதுக்கு டெசிட்டூரான்னு பேரு. நான் எம்பிக் குதிச்சா வீட்டு உத்தரத்தைத் தொட்டுடுவேன். அதுக்காக என்னை உத்தரத்துலயே தொங்கவிட்டா எப்படி? பொண்ணுக்கு நடந்தது அதுதான். அந்தப் பாட்டுல பாதி மேலயே நிக்குது. உச்சி ஸ்வரத்தைப் பார்த்தாங்களே ஒழிய, மிச்சப் பாட்டு எங்க நிக்குதுன்னு யாரும் பார்க்கலை.

புத்தகங்களைப் பத்தியும் சொல்லிடறேன். 'சிங்கர்ஸ் மியூசிக்கல் தியேட்டர் ஆந்தாலஜி'ன்னு ஹால் லெனார்ட் வெளியீடு, 1987-லேருந்து வருது. பாட்டு படிக்கற பிள்ளைங்க பலர் கையில இருக்கும். நல்ல புத்தகம், அதோட எனக்குச் சண்டை இல்லை. சொப்ரானோ, மெஸ்ஸோ, டெனர், பாரிடோன்னு பிரிச்சு, மேடையில பாடின கீயிலயே பாட்டைத் தருவாங்க. ஆனா மெஸ்ஸோ அட்டையில 'பெல்ட்டர்'னும் சேர்த்துப் போட்டிருக்கும். மெஸ்ஸோங்கறது கொஞ்சம் கனமான, இறங்கின குரல். பெல்ட்டுங்கறது எதெல் மெர்மன் மாதிரி கடைசி வரிசைக்கும் கேக்கற நெஞ்சுக்குரல். ரெண்டும் ஒரே அட்டைக்குள்ள! அப்போ அட்டையைப் பார்த்து வாங்கினா என்ன ஆகும்?

இன்னொரு வகை, ஒரே நாடகத்தோட 'வோக்கல் செலக்‌ஷன்ஸ்'. வீட்டுல பியானோ வாசிக்கறவங்களுக்காகப் போடறது. பல சமயம் கீயையே மாத்தியிருப்பாங்க. அதுல ஒரு பாட்டு சுலபமா வந்துதுன்னு மேடைக்குப் போனா அங்க சுருதி வேற. அவ்வ்வ்!

"ஒரிஜினல் கீயில பாடறதுதான் பாட்டுக்கு மரியாதை"ன்னு ஒரு கோஷ்டி உண்டு. அவங்களுக்குத்தான் இந்தப் பதிவே.

அய்யா, ஒரிஜினல் கீ எங்கேருந்து வந்துச்சு? 1951-ல 'தி கிங் அண்ட் ஐ' வந்தப்போ நாயகி கெர்ட்ரூட் லாரன்ஸ். அவங்களுக்கு ரேஞ்ச் கம்மி. ரிச்சர்ட் ராஜர்ஸ் என்ன பண்ணார்? அவங்க பாட்டையெல்லாம் அந்தச் சின்ன எல்லைக்குள்ளயே போட்டுட்டு, பெரிய குரல் கேக்கற பாட்டுகளை டப்டிம், லேடி தியாங் பாத்திரங்களுக்குக் குடுத்துட்டார். 1973-ல 'எ லிட்டில் நைட் மியூசிக்'. கிளினிஸ் ஜான்ஸுக்கு நீளமா மூச்சுப் பிடிச்சுப் பாட வராதுன்னு, 'சென்ட் இன் த கிளவுன்ஸ்' பாட்டைச் சின்னச் சின்ன வாக்கியமாவே போட்டார் சொண்ட்ஹைம். அந்தப் பாட்டு எவ்ளோ பிரபலம்னு சொல்லத் தேவையில்லை.

அதாவது அன்னிக்கு இருந்த ஒருத்தரோட தொண்டைக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை. அடுத்தவர் போடும்போது கையை மடிச்சு விட்டுக்கக் கூடாதா?

இதைவிட வேடிக்கை, எதெல் மெர்மனுக்காக 'ஆனி கெட் யுவர் கன்' (1946) போட்ட இர்விங் பெர்லின். மனுஷனுக்குக் கறுப்புக் கட்டைகளை வெச்சு எஃப் ஷார்ப்புல மட்டும்தான் வாசிக்க வரும். வேற கீ வேணும்னா பியானோவுல ஒரு லீவரைத் திருப்புவார், அவ்ளோதான். பாட்டு போட்டவரே லீவரைத் திருப்பியிருக்கார், நமக்கு என்ன வந்துச்சு? நம்மூர்ல அஞ்சு கட்டைக்காரங்களை ஆறு கட்டையில பாடச் சொல்லி எந்த வாத்தியாராவது அடம் பிடிப்பாரா?

ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். அந்த வேஷத்துக்கே போட்டி போடறதா இருந்தா அந்தக் கீயில பாட முடியணும். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதினது நமக்காக மாறாது. ஆனா 'உனக்குப் பிடிச்ச பாட்டுல பதினாறு பார் பாடு'ன்னு சொல்ற ஆடிஷன்ல எதுக்கு இந்த வீம்பு?

அதனால, புள்ளைங்களுக்குப் புத்தகம் வாங்கப் போற மக்களே:

1. உச்சி ஸ்வரத்தைக் கேக்காதீங்க. பத்து நிமிஷம் பாடின பிறகும் எந்த இடத்துல குரல் சுகமா இருக்குன்னு கேளுங்க.

2. அட்டையை விடுங்க, உள்ள பாட்டைப் பாருங்க. ஸ்வரமெல்லாம் எந்தக் கோட்டுப் பக்கம் கூட்டமா நிக்குதுன்னு கண்ணாலயே தெரியும்.

3. ஒரே பாட்டை நாலு தடவை பாடச் சொல்லுங்க. நாலாவது தடவை குரல் கம்மினா அது அவங்களுக்கான கீ இல்லை.

4. கீயை இறக்கினா, இறக்கின கீயிலயே அச்சடிச்சு எடுத்துட்டுப் போங்க. இப்போ இணையத்துல நிறைய பாட்டுக்கு நமக்கு வேண்டிய கீயிலயே வாங்கலாம். பியானோக்காரர்கிட்ட அந்த நேரத்துல "ரெண்டு ஸ்வரம் இறக்கி வாசிங்க"ன்னு சொன்னா அவர் பாவம்.

5. பதினாலு வயசுக் குரல் இன்னும் வளர்ந்துட்டு இருக்கு. அதுமேல இப்பவே முத்திரை குத்தாதீங்க.

சரி, பொண்ணு என்ன ஆனான்னுதானே கேக்கறீங்க? ஆறு மாசம் வாயே திறக்கலை. நாங்களும் கேக்கலை. போன மாசம் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கிட்டே அதே பாட்டை அவ பாட்டுக்கு நல்லா இறக்கிப் பாடிட்டு இருந்தா. நான் ஹால்ல மூச்சு விடாம உக்காந்திருந்தேன்.

டிஸ்கி: அந்த சொப்ரானோ புக் புத்தம்புதுசா எங்க வீட்டு அலமாரியில இருக்கு. நிஜமாவே சொப்ரானோவா இருக்கற பொண்ணு யார் வீட்டுலயாவது இருந்தா சொல்லுங்க, சும்மாவே தர்றேன். ஆனா முதல்ல நாலு தடவை பாடிப் பார்க்கணும், ஆமா!