வேலை செய்யும் கடமையும் வேலை தரும் கடமையும்: கம்போங் குவாந்தான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கோரிக்கை மனு

பெறுநர்:
மாண்புமிகு மனிதவள அமைச்சர் அவர்கள்,
சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி அவர்கள்,
சமூகநல இலாகாத் தலைமை இயக்குநர் அவர்கள்,
கோல சிலாங்கூர் மாவட்ட அதிகாரி அவர்கள்.

பொருள்: வேலை இழந்தோர்க்கு வழங்கப்படும் உதவித்தொகையும் அதன் நிபந்தனைகளும்.



சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிர்வதைக் காண வெளியூர்ப் பயணிகள் இரவில் படகேறும் கம்போங் குவாந்தானிலும், புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயா ஆகிய சுற்றுப்புறங்களிலும் உள்ள தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாக உழைத்து ஜீவனம் நடத்திவரும் தொழிலாளர்களின் சங்கத்தாராகிய நாங்கள், தங்கள் சமூகத்துக்குப் பணிவுடன் செய்துகொள்ளும் விண்ணப்பமாவது:

வேலை இழந்தவனுக்குப் பணம் கொடுத்தால் அவன் மறுபடி வேலைக்குப் போகமாட்டான் என்னும் அபிப்பிராயம் சபைகளிலும் பத்திரிகைகளிலும் காலந்தோறும் எழுந்த வண்ணமே இருக்கிறது. அது முழுப்பொய் என்று வாதிக்க நாங்கள் வரவில்லை. உடலில் வலுவுள்ளவன் உழைத்து உண்ணவேண்டும் என்பதில் எங்களுக்கு மாறுபாடு சிறிதும் இல்லை. உழைப்பைத் தவிர வேறொரு சொத்தை எங்கள் முன்னோர் எங்களுக்கு வைத்துச் சென்றதும் இல்லை. வேலை செய்யும் கடமை தொழிலாளியைச் சேர்ந்ததாயின், வேலை தரும் கடமை எவரைச் சேர்ந்தது என்பதே எங்கள் கேள்வி.

இக்கேள்விக்கு இந்நாட்டுச் சட்டமே நெடுநாட்களுக்கு முன்பு விடை சொல்லியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், தன் 16-ஆம் பிரிவில், நாட்கூலிக் கணக்கில் மாதச் சம்பளம் பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாட்களுக்குக் குறையாமல் அவன் சக்திக்கேற்ற வேலையை முதலாளி தருதல் வேண்டுமென்றும், தொழிலாளி சித்தமாயிருந்தும் அத்தனை நாள் வேலை தர இயலாது போனால், அவன் வேலை செய்ததாகவே பாவித்துக் கூலி கொடுத்தல் வேண்டுமென்றும் விதித்துள்ளது. விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் வந்து நிற்பது தொழிலாளியின் கடமை. நின்றவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதிருப்பது முதலாளியின் கடமை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வைத்த அந்தப் பிரிவைப் போல் நியாயமான சட்டவாசகத்தை நாங்கள் அதிகம் கண்டதில்லை. ஆயினும் என்ன? தோட்ட நிர்வாகம் நேரடியாக ஆள் வைக்கும் வழக்கம் குறைந்து, செம்பனைக் குலை வெட்டுக்கும் மருந்து அடிப்புக்கும் களையெடுப்புக்கும் குத்தகைக்காரர்கள் ஆள் கொண்டுவரும் வழக்கம் பெருகிய பிறகு, 24 நாள் என்னும் அந்த எண் எங்களில் பலருக்குப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட பழங்கதையாகிவிட்டது. பழம் மிகுந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. பழம் குறைந்து மழை பிடித்துக்கொண்ட மாதங்களில் பத்து நாள், பன்னிரண்டு நாள் வேலையோடு குடும்பம் நடத்தவேண்டியிருக்கிறது.

இத்தகைய மாதங்களில் 2017-ஆம் ஆண்டின் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டம் துணை செய்யாதா என்று தாங்கள் கேட்கலாம். 2018 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த அத்திட்டத்தை நாங்கள் நன்றியோடு வரவேற்றவர்கள். தொழிலாளி சம்பளத்தில் 0.2 விழுக்காடும் முதலாளி பங்காக மற்றொரு 0.2 விழுக்காடும் செலுத்தி, வேலை போனபோது அந்நிதியிலிருந்து உதவி பெறும் ஏற்பாடு அது. ஆகவே அது பிச்சையன்று, நாங்களே முன்கூட்டிச் செலுத்திய பணத்தின் பயன். ஆனால் வேலை முழுவதும் போனவருக்கே அத்திட்டம் பேசுகிறது. மாதத்தில் பாதி நாள் போனவருக்கு அது பேசுவதில்லை. குறித்த காலத்துக்கென்று எழுதிய ஒப்பந்தம் முடிந்து வேலை நின்றாலும் வேலை இழப்பாகக் கொள்வதில்லை. தானே விலகியவருக்கும் அது கிடையாது. சில இடங்களில் வேலை நிற்கும் நாளில், படிக்கத் தெரியாத தொழிலாளியிடம் தானே விலகுவதாக எழுதிய காகிதத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்ளும் தந்திரமும் நடக்கிறது. மாதம் மூன்று ரிங்கிட்டுச் சில்லறைதானே என்று அலட்சியமாகச் சொல்வோர் உண்டு. பணம் சிறிதாயினும், சந்தா பிடிக்கும்போது தொழிலாளியாக எண்ணப்படுபவன், உதவி கேட்கும்போது ஒப்பந்தம் முடிந்தவனாக ஆகிவிடுகிறானே என்பதுதான் எங்கள் மனத்தாங்கல்.

நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறிய ஒருவரின் கணக்கையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் பெற்றவர் வேலை இழந்து, 60 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிட்டால், முதல் மாதம் 80 விழுக்காடாக ஏறத்தாழ 1,360 ரிங்கிட்டும், இரண்டாம் மாதம் 850 ரிங்கிட்டும், மூன்றாம் நான்காம் மாதங்களில் 680 ரிங்கிட்டும், சந்தாக் காலம் நீண்டிருந்தால் ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 510 ரிங்கிட்டும் வேலை தேடும் காலப் படியாகப் பெறுவார். மூன்றாம் மாதத்திலேயே பாதிக்கும் கீழே இறங்கிவிடும் இத்தொகையைக் கண்டு வேலையை வெறுத்துப் படுத்துக்கொள்ளும் குடும்பத் தலைவன் எங்கே இருக்கிறான்? 2020-இல் அரசாங்கமே குடும்ப வறுமைக் கோட்டை 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாகத் திருத்தி அறிவித்ததை நோக்கினால், ஒருவர் சம்பளத்தில் வாழும் தோட்டக் குடும்பம் வேலை இருக்கும்போதே அக்கோட்டுக்குக் கீழ் நிற்பது தெளிவாகும்.

சோம்பேறி என்ற பட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. ஆங்கிலத் துரைமார் காலத்தில், மலாய்க்காரர் சோம்பேறிகள், ஆகையால் தமிழரைக் கொண்டுவருவோம் என்றார்கள். அந்தக் கூற்று எந்த லாபத்துக்காகப் புனையப்பட்டது என்பதைப் பேராசிரியர் சையத் ஹுசேன் அலத்தாஸ் 1977-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இன்று அதே பட்டம் எங்கள் பிள்ளைகள் மேல் விழுந்திருக்கிறது. நாடு முழுவதும் தோட்டங்களில் 1,20,000 பேர் வரை ஆள் பற்றாக்குறை என்று 2022-இல் செம்பனைத் துறையார் முறையிட்டபோது, உள்ளூர்க்காரர் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். எந்தச் சம்பளத்துக்கு, எந்த வீட்டில் குடியிருந்து, எத்தனை நாள் வேலைக்கு வரமாட்டார்கள் என்பதை மாத்திரம் சொல்லவில்லை. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபொக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் நடப்பட்டது. அந்த மண்ணைச் சுற்றிப் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செம்பனை வேலை தெரியாதென்றோ பிடிக்காதென்றோ சொல்வது வேடிக்கை.

இனி, எந்தக் கணக்கிலும் வராத ஒரு வர்க்கத்தாரைப் பற்றிச் சற்று விரிவாகவே விண்ணப்பிக்க அனுமதி வேண்டுகிறோம். குலை வெட்டுபவர் மரத்துக்கு மரம் நகர்கையில், உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பவர் பெரும்பாலும் அவர் மனைவி. செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பெயர் கணவனுடையது. கூலியும் அவர் பெயரில் வருகிறது. அந்தக் கூலியில் அம்மையாரின் உழைப்பும் அடங்கியிருப்பதை யாவரும் அறிவர், ஏடு மாத்திரம் அறியாது. ஆகையால் அவருக்குச் சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை, வேலைக் காப்புறுதி இல்லை. கணவனுக்கு வேலை போன அன்றே அவருக்கும் வேலை போகிறது. ஆனால் வேலை இழந்தவர் என்று அவரைச் சொல்ல ஆவணம் ஒன்றும் இல்லை. 2022-இன் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் சேரும்படி சிலர் ஆலோசனை கூறினார்கள். அச்சட்டம் விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் துணையாவது மெய்தான்; ஆனால் தோட்டத்தில் ஒரு பகல் முழுவதும் குனிந்து நிமிர்ந்தவரை இல்லத்தரசி என்று எழுதிக்கொண்டு உதவுவது, அவர் செய்த வேலையை இரண்டாம் முறையும் மறைப்பதாகும். தோட்டத்தில் இறங்கும் ஒவ்வொருவர் பெயரும், அவர் எவர் மனைவியாயினும், செக்ரோலில் ஏறவேண்டும். ஏறாத பெயரைக் கண்டுபிடித்து ஏற்றும் பொறுப்பு தொழிலாளர் இலாகா அதிகாரிகளுடையதாக இருக்கவேண்டும். இம்மனுவில் ஒன்றே ஒன்றுதான் நிறைவேறும் என்று தாங்கள் சொன்னால், இதனையே முதலில் கேட்போம்.

தோட்டத்தில் வேலை போவதென்றால் வீடும் போவதென்று பொருள். நகரத்துத் தொழிலாளி வேலை இழந்த மறுநாளும் அதே கூரையின் கீழ் எழுந்து வேலை தேடப் புறப்படுகிறான். தோட்டத்து லய வீட்டில் இருப்பவன் கூரையையும் சேர்த்துத் தேடவேண்டும். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த சரித்திரம் இந்த வட்டாரத்தில் எவருக்கும் மறைவானதன்று. ஆதலால் வேலை தேடும் காலப் படி நிற்கும் வரையிலேனும் தொழிலாளியை வீட்டிலிருந்து வெளியேற்றலாகாது என்ற விதி வேண்டும்.

உதவி பெற, வேலை தேடியதற்குச் சான்று காட்டவேண்டும் என்னும் நிபந்தனையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மைஃபியூச்சர்ஜோப்ஸ் என்னும் வேலைவாய்ப்பு இணையதளத்தில் தானே பதிந்து, மலாயிலோ ஆங்கிலத்திலோ தன் தகுதிகளை எழுதிக் காட்ட, ஐம்பது வயதில் வெட்டுக் கத்தியைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத ஒருவரால் இயலுமா? பஸ் போகாத தோட்டத்தில் இருப்பவருக்கு ஷா ஆலத்திலோ கிள்ளானிலோ இரவு ஷிப்ட் வேலை தகுந்த வேலையாகுமா? தகுந்த வேலை என்பதில் தூரமும் போக்குவரத்தும் வயதும் கணக்கில் சேரவேண்டும். மாதம் ஒருமுறை சொக்சோ அதிகாரி ஒருவர், தமிழ் பேசுபவராக இருந்தால் நலம், தோட்டத்து மண்டபத்துக்கே வந்து பதிவும் விசாரணையும் நடத்துவது பெருஞ்செலவாகாது.

வயது முதிர்ந்தோரில் சிலருடைய நிலை இன்னும் பரிதாபமானது. 1930-களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியதே அக்கால அரசாங்கம் கண்ட பரிகாரம். சுதந்திரம் வந்த பின்னும், 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிரஜையல்லாதோர் அனுமதிப் பத்திரம் பெற்றே வேலை செய்யவேண்டும் என்றபோது, சுமார் 60,000 இந்தியர் நாட்டை விட்டுச் சென்றனர். போகாமல் தங்கியவர்களில் பிரஜாவுரிமை கிட்டாது சிவப்பு அடையாள அட்டையோடே முதுமை எய்தியவர்கள் எங்கள் லயங்களில் இன்றும் உண்டு. பிரஜைகளுக்கு மட்டுமான சமூகநல இலாகாவின் முதியோர் உதவி அவர்களுக்கு எட்டுவதில்லை. உழைக்கும் வயதில் உழைப்பைப் பெற்றுக்கொண்ட நாடு, உழைக்க முடியாத வயதில் அட்டையின் நிறத்தைப் பார்க்கலாகாது. பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் முடிவாகும் வரை, தோட்டத்தில் உழைத்ததற்கு ஆதாரமுள்ள அறுபது வயது கடந்தவர்களுக்கு அவ்வுதவியை இடைக்கால ஏற்பாடாக வழங்கவேண்டும்.

வேலைக்கும் உதவிக்கும் உள்ள உறவை வெளியுலகம் இரு வகையாகக் கண்டிருக்கிறது. இங்கிலாந்து 1834-இல் திருத்திய ஏழையர் சட்டத்தால், உதவி பெறுபவனின் வாழ்வு மிகத் தாழ்ந்த கூலிக்காரனின் வாழ்வினும் தாழ்ந்திருக்கவேண்டும் என்று வகுத்து, உதவி கேட்டவர்களை வேலைவிடுதிகளில் அடைத்தது. இந்தியா 2005-இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டமோ, கிராமக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலையை உரிமையாக்கி, கேட்ட 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி கொடுக்கும் பொறுப்பை அரசின் தலையில் வைத்தது. அச்சட்டத்தின் நடைமுறையில் கூலிப் பாக்கியும் குறைகளும் மலிந்திருந்ததை அறிவோம். எனினும் இரண்டில் எமது 16-ஆம் பிரிவுக்கு உறவானது எது என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம்.

ஆகவே, குத்தகைக்காரர் கூலி தராவிடில் வரம்புக்குட்பட்டு முதலாளியும் பொறுப்பாவார் என்று நம் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்லியிருக்கும் நியாயத்தை 24 நாள் விதிக்கும் விரித்து, எவர் கொண்டுவந்த ஆளாயினும் தோட்ட நிலத்தில் வேலை செய்பவருக்கு அவ்விதி பொருந்துமாறு செய்யவேண்டும். 24 நாள் வேலையும் அதற்கீடான கூலியும் கிட்டாத மாதங்களைப் பகுதி வேலை இழப்பாகக் கொண்டு காப்புறுதி நிதியிலிருந்து ஈடுசெய்து, அத்தொகையை முதலாளியிடம் வசூலிக்கவேண்டும். ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்படும் குறுங்கால ஒப்பந்தங்களைத் தொடர்ந்த வேலையாகவே கருதவேண்டும். விலகல் கடிதம் எதுவும் தொழிலாளர் இலாகா அதிகாரி முன் வாசித்துக் காட்டப்பட்டாலன்றிச் செல்லலாகாது என்று வேண்டுகிறோம்.

இவற்றை விசாரிக்க எங்கள் பிரதிநிதிகளைத் தலைநகருக்கு அழைத்தால் ஒரு நாள் கூலி போகும், போனாலும் வருவோம். ஆனால் தாங்கள் தோட்டப்புறத்துக்கே, வேலை முடிந்த மாலை நேரத்தில், பழம் குறைந்த மாதம் ஒன்றில் எழுந்தருளி, அம்மாதத்துச் செக்ரோலையும் வரவழைத்துப் பார்ப்பீர்களாயின், நாங்கள் சொல்வது அதிகமா குறைவா என்பது அங்கேயே விளங்கும். இம்மனுவுக்கான பதிலைத் தமிழிலும் மலாயிலும் எழுத்து மூலமாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
கம்போங் குவாந்தான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தார்