அருள் என்றால் சலுகையா?

பத்தாம் வகுப்பு மாணவி



பொதுத்தேர்வு நெருங்க நெருங்க நம் சிற்றாலயத்தில் மெழுகுவர்த்திகள் பெருகுவதைப் பார்த்திருப்பீர்கள். கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் முழந்தாளிட இடம் கிடைப்பதே அரிது. நானும் மெழுகுவர்த்தி ஏற்றியவள்தான். ஆகவே யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வினாத்தாள் எளிதாக இருந்தால் "ஆண்டவர் அருள்" என்கிறோம். கடினமாக இருந்தால் அதைத் தயாரித்தவரைத் திட்டுகிறோம். அருள் என்பது வேண்டியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தவறு என்பது என் கருத்து. அருள் ஒருவரிடம் வந்தால் முதலில் அவரைக் கீழே இறக்குகிறது. மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"அருள்" நம் மறைக்கு மட்டும் சொந்தமான சொல் அன்று. என் பக்கத்தில் அமரும் இந்துத் தோழியும் வடலூர் வள்ளலாரைப் பற்றிச் சொல்லும்போது இதே சொல்லைத்தான் சொல்கிறாள். ஆனால் அதைத் தன் பெயரிலேயே சுமந்த ஒரு புனிதர் நமக்கு இருக்கிறார். அவர் அருளானந்தர்.

அவருடைய இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. 1647-இல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்து, போர்த்துகீசிய அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்தவர். அங்கேயே இருந்திருந்தால் பட்டும் பதவியும் தாமாக வந்திருக்கும். தாயார் எவ்வளவோ தடுத்தும் கேளாமல் இயேசு சபைக் குருவாகி 1673-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவர் உழைத்த மதுரை மறைப்பணித்தளம் அந்நாளில் மதுரை, தஞ்சைச் சீமைகளோடு நம் செஞ்சிச் சீமையையும் உள்ளடக்கியது. 1677-இல் சிவாஜி மன்னர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியபோது இவர் தமிழ்நாட்டில்தான் இருந்தார். காவியுடுத்திப் பண்டாரசாமியாக, புலால் நீக்கி, வெயிலில் ஊர் ஊராக நடந்தார். தமிழை ஒரு சிறுவனைப் போல முதலெழுத்திலிருந்து கற்றார். அரண்மனையில் வளர்ந்த ஒருவர் முப்பது வயதை நெருங்கும்போது தப்பும் தவறுமாகப் பேசிக் கேட்பவர்கள் சிரிக்க நிற்பது எளிதா? (ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நமக்கே கால் நடுங்குகிறது.)

1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டு, உபதேசியார்களோடு கொடிய வதைகளுக்கு உள்ளானார். விடுதலையானபின் சபைப் பணிக்காக லிஸ்பன் சென்றார். பழைய தோழர் பேதுரு அப்போது அரசராகியிருந்தார். நீர் இங்கேயே இரும் என்று மன்னரே வற்புறுத்தினார். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். முதல் தடவை வந்தபோது இளமை வேகம் என்று சொல்லலாம். அடி உதை பட்டு, இனி என்ன நேரும் என்று நன்றாகத் தெரிந்தபின், மாளிகையின் கதவு திறந்திருக்கும்போதே அதைவிட்டு 1690-இல் மீண்டும் புறப்பட்டு வந்தாரே, அது அவருடைய சொந்தத் துணிவாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

தடியத்தேவர் என்னும் மறவர் நாட்டு இளவரசர் நோயிலிருந்து நலம் பெற்று, 1693 ஜனவரியில் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவுப்பெண். அவள் மன்னரிடம் முறையிட, அருளானந்தர் சிறைப்பட்டார். 1693 பெப்ருவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

பிரசங்கங்களில் அந்தப் பெண்ணைப் பொல்லாதவள் என்றே கேட்டிருக்கிறேன். எனக்கு அவள்மீது இரக்கம் வருகிறது. கணவர் மனம் மாறினார். அதற்கு விலை கொடுத்தவள் இவள். ஒருவருக்கு வரும் அருள் இன்னொருவரின் வீட்டைக் கலைக்கலாமா என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டேன். சகோதரி உடனே விடை சொல்லாமல், "அவளுக்காகவும் செபி" என்றார்கள். இன்னும் எனக்கு முழு விடை கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாழ்மை என்றால் வாய்மூடி இருப்பது என்று பெண்பிள்ளைகளாகிய நமக்கு அடிக்கடி போதிக்கப்படுகிறது. அருளானந்தர் கட்டிய மனைவிகள் பலர் என்ற வழக்கத்தை ஓர் இளவரசரிடமே மறுத்தவர். சேதுபதியின் சினத்துக்கும் அசையாதவர். அவர் தாழ்ந்தது கடவுளுக்கு முன். பயந்து குனிந்தது யாருக்கு முன்னும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அவர் ஓரியூரில் இரத்தம் சிந்திய அதே ஆண்டில் நம் செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தது. 1690 முதல் 1698 வரை, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்! ஏறத்தாழ 800 அடி உயர ராஜகிரியைப் பிடிக்க எத்தனை உயிர்கள்! இப்போது அங்கே குரங்குகள்தாம் அரசாளுகின்றன. ஓரியூரிலோ செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ள எல்லா மதத்தினரும் வருகிறார்கள்.

புனிதரைப் பற்றி எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. சென்ற ஆண்டு நான் வகுப்புத் தலைவி. தாமதமாக வருபவர்களின் பெயரை எழுதுவது என் வேலை. கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் ஒரு தோழியின் பெயரை மாதம் முழுவதும் எழுதினேன். கடமை தவறாதவள் என்று எனக்குள் பெருமை வேறு. தவக்காலத் தியானத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்தபோது சொல்வதற்குப் பெரிய பாவம் ஒன்றும் இல்லையே என்றுகூட நினைத்தேன். அன்று மாலைதான் தற்செயலாகத் தெரிந்தது: அவள் விடியுமுன் தாயாரோடு கடலைக்காய் பறிக்கப் போய்விட்டு, கைகால் கழுவிக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடிப்பவள். ஒருநாளாவது "ஏன் தாமதம்?" என்று நான் கேட்கவில்லை. சிற்றாலயத்தில் தினமும் என் பக்கத்தில்தான் முழந்தாளிட்டாள். அவள் விரல் நகங்களில் மண் இருந்ததைப் பார்த்து முகம் சுளித்ததும் நினைவுக்கு வந்தது.

இரண்டு நாள் தூக்கமில்லை. குருவானவரிடம் சொல்வது எளிதாக இருந்தது; அவளிடம் சொல்வதுதான் முடியவில்லை. அந்த மூன்றாம் நாள் சாப்பாட்டு மணி அடித்தபிறகு வேப்பமரத்தடியில் அவள் முன் போய் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய் அழுகைதான் வந்தது. எனக்குள் இருந்த தலைவி அந்த நிமிடம் இறங்கிப் போனாள். அதை நானாகச் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் ஒன்றும் பேசவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து அவித்த கடலையில் பாதியை என் கையில் கொட்டி, "உட்காரு, மணி அடிச்சுடும்" என்றாள்.