தூரத்தை வகுத்தால் நேரம் வருமா?

ரொம்ப நாளாகக் கடுப்பேற்றும் விஷயம் இது. இரண்டு ஊர் பெயரைச் சொன்னால் போதும். உலக உருண்டை மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இத்தனை கிலோமீட்டர் என்று அளந்து, அதை 900-ஆல் வகுத்து, 'பறக்கும் நேரம் இவ்வளவு' என்று நிமிடம் வரைக்கும் சொல்லிவிடுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பரீட்சையில் இதற்கு முழு மார்க் கிடைக்கும். விமானத்தில் ஏறிப் பாருங்கள், தெரியும் சேதி.

ஹெல்சிங்கி – டோக்கியோவை எடுத்துக்கொள்வோம். நேர்த்தூரம் சுமார் 7,800 கி.மீ. வகுத்தால் எட்டே முக்கால் மணி நேரம் வருமா? 2022 பிப்ரவரி வரை ஃபின்னேர் விமானங்கள் இதை ஒட்டித்தான், ஒன்பது ஒன்பதரை மணி நேரத்தில், சைபீரியா மேல் பறந்து போய்க்கொண்டிருந்தன. அப்புறம் உக்ரைன் போர். ஐரோப்பா ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது, பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. அதன் பிறகு அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே சுமார் 13 மணி நேரம்! வட துருவம் வழியாகப் போகிறார்கள், இல்லையென்றால் ரஷ்யாவுக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு போகிறார்கள். பூமி என்ன ஊதிப் போய்விட்டதா? :-)

இன்னொரு கூத்து. 1983-இல் இதே ஃபின்னேர், சோவியத் வானத்தைத் தவிர்த்து, துருவம் வழியாக டோக்கியோவுக்கு நிற்காமல் பறக்க ஆரம்பித்தபோதும் ஏறக்குறைய இதே 13 மணி நேரம்தான். அன்றைக்கு டிசி-10, இன்றைக்கு ஏர்பஸ் ஏ350. நாற்பது வருடப் பொறியியல் வளர்ச்சி அத்தனையையும் ஒரே ஒரு 'அனுமதி கிடையாது' சாப்பிட்டுவிட்டது. மீறிப் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அதே 1983 செப்டம்பரில் வழி தவறி சோவியத் வானத்துக்குள் போன கொரிய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் செத்தார்கள்.

'போரெல்லாம் விதிவிலக்குப்பா' என்பீர்கள். சரி, போரை விடுங்கள். லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆகும், திரும்பி வர ஏழுதான். மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று அப்படி. 2020 பிப்ரவரியில் அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. இதில் எந்த நேரத்தை 'அந்த' நேரம் என்பது? ஒரே எண்ணைப் போக்குக்கும் வரத்துக்கும் சேர்த்து எழுதுவது சோம்பேறித்தனம் இல்லாமல் வேறென்ன?

அதனால் தூரத்தைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரத்தைச் சொல்வதாக இருந்தால் எந்தத் திசை, எந்த வருடம், யாருடைய விமானம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாருடையது என்பது ஏன் முக்கியம் என்றால், ரஷ்யா தடுக்காத சீன விமானங்கள் 2022-க்குப் பிறகும் சைபீரியா மேலேயே பறந்து ஐரோப்பாவுக்குப் போகின்றன. பக்கத்துக் கவுண்டரில் டிக்கெட் வாங்கியவர் சுற்றிப் போகிறார். அந்தக் கூடுதல் மணி நேரங்களுக்கு எரிந்த எண்ணெய் இந்த வகுத்தல் கணக்கில் எந்த வரியில் வருகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.