கடைக் கதவைத் திறந்தால் போதுமா? சாவி யார் கையில்?

கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம்!

2013 செப்டம்பரில் இப்படி ஒரு அறிவிப்பு வந்தது. வெளியில் கிலோ 60 ரூபாயைத் தாண்டி, உரிக்கும் முன்பே கண்ணீர் வரவழைத்த நேரம் அது. அறிவித்தது குரூப்பான் என்ற தள்ளுபடிக் கம்பெனி. முதல் நாள் 3 ஆயிரம் கிலோ, 44 நிமிடத்தில் காலி. கூட்டம் தாங்காமல் கம்பெனியின் இணையதளமே படுத்துவிட்டது.

தள்ளுபடி என்றால் ஜனம் எப்படிப் பாயும் என்பதை வ.புதுப்பட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஜவுளிக்கடை நோட்டீஸ்கள் பஸ் ஏறி வத்திராயிருப்பு பக்கம் வந்துவிடும். ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போகிறவர்கள் அதைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த நோட்டீசுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். டீக்கடைக்காரர் சுவரில் ஒட்டலாம். சலூன்காரர் மேஜையில் போடலாம். ஜவுளிக்கடைக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

செல்போன் தள்ளுபடிக்கு இந்தக் குணம் இல்லை. ஒரு கம்பெனியின் ஆப்பில் போட்ட ஆபர், அந்த ஆப் வைத்திருப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கடை கடைக்காரருடையது. சரக்கும் அவருடையது. கதவு மட்டும் கம்பெனியுடையது!

மிஷினிடம் மிஷின் கேட்கும்

இந்தக் கதவைத் திறந்துவிடு என்பதுதான் இன்றைய பேச்சு. இதற்கு ஏ.பி.ஐ. என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ரேஷன் கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, 'பி.டி.எஸ். 101' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதி தமிழ்நாட்டில் வந்தது அல்லவா? ஒரு வரி கேட்டால் ஒரு வரி பதில். அங்கே கேட்பது மனுஷன், பதில் சொல்வது மிஷின். கேட்பதும் மிஷினாகவே இருந்தால் அதுதான் ஏ.பி.ஐ.!

தள்ளுபடிக் கம்பெனி இப்படி ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால், வெளியே இருக்கிற எந்தப் பையனும் ஒரு சின்ன ஆப் எழுதி, "வத்திராயிருப்பு சுற்றுவட்டாரத்தில் இன்று என்ன மலிவு?" என்று கேட்டு வாங்கி ஊருக்குக் காட்டலாம்.

நடக்கிற காரியமா? பணத்தில் நடந்துவிட்டதே! 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. கூகுள்பே வைத்திருப்பவர், போன்பே அட்டை தொங்கும் கடையில் பணம் கட்டுகிறார். "உன் ஆப் வேறு, என் அட்டை வேறு" என்று எந்தப் பெட்டிக்கடைக்காரரும் திருப்பி அனுப்புவதில்லை. பணத்துக்குத் திறந்த வழி, சரக்குக்கும் திறக்கட்டும் என்று மத்திய அரசு ஆதரவில் ஓ.என்.டி.சி. என்ற அமைப்பு 2021 டிசம்பர் கடைசியில் பதிவானது. 2022 ஏப்ரலில் வெள்ளோட்டம் விட்ட 5 ஊர்களில் நம்ம கோயமுத்தூரும் ஒன்று.

தள்ளுபடிக் கம்பெனிகளில் மேஜிக்பின் என்று ஒன்று. 2015-ல் ஆரம்பித்தது. அக்கம்பக்கத்துக் கடைகளின் ஆபரைக் காட்டுவதுதான் அதன் பிழைப்பு. அது இந்த ஓ.என்.டி.சி.யில் சேர்ந்து, தன்னிடம் இருந்த ஓட்டல்களை மற்ற ஆப்களும் காட்டட்டும் என்று விட்டது. மேஜிக்பின்னில் இருந்த ஓட்டல், பேடிஎம்மில் தேடினவருக்கும் கிடைத்தது. இத்தனைக்கும் 2021-ல் மேஜிக்பின்னில் பணம் போட்டிருந்தது சொமேட்டோ!

நாமக்கல் கொதிப்பு

கதவு ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும்? நாமக்கல் ஓட்டல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 100 ரூபாய்க்கு விற்றால் 30 ரூபாய்க்கு மேல் கமிஷனாகவே போகிறது என்று கொதித்து, 2025 ஜூலையில் ஸ்விக்கி, சொமேட்டோவுக்குச் சப்ளையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். கமிஷன் இல்லாமல் நிலையான கட்டணம் வாங்கும் சாரோஸ் என்ற தமிழ்நாட்டு ஆப் பக்கம் திரும்பினார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு ஆப்பை விட்டு இன்னொரு ஆப்புக்கு ஓடினால், கதவு மாறுமே தவிர சாவி கைக்கு வராது. நாளைக்கு அந்தக் கட்டணம் ஏறினால் மறுபடியும் ஓட்டமா?

சரி, திறந்து விட்டால் எல்லாம் சுபமா? அங்கேதான் கவனம் வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பால் விலை ஏறினால் பால்கோவா விலையும் ஏறும். கடைக்காரர் காலையில் விலையை மாற்றுகிறார். கம்பெனி ஆப்பில் மாறிவிட்டது. எவனோ எழுதிய மூன்றாவது ஆப்பில் மாறவில்லை. முடிந்துபோன ஆபர் அங்கே இன்னும் மினுக்கிக்கொண்டு இருக்கிறது. மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கின ஆசாமி, "போனில் ஒரு விலை, கடையில் ஒரு விலையா?" என்று எகிறுகிறார். ஏச்சு வாங்குவது யார்? ஆப் எழுதியவனா? கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்!

ஆகவே, எந்த ஆபர் எத்தனை மணி வரை என்பதும் அந்த ஜன்னல் வழியாகவே போக வேண்டும். நேரம் முடிந்த ஆபரைக் காட்டும் ஆப்புக்கு ஜன்னலை அடைக்க வேண்டும். எந்தெந்த ஆப்பில் தன் கடை தெரிகிறது என்று கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு வேண்டும். வாடிக்கையாளரின் போன் நம்பர் கண்டவன் கைக்கும் போகக்கூடாது. 2023-ல் நாடாளுமன்றம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் போட்டது அலங்காரத்துக்கு அல்ல.

இதைவிடப் பெரிய சங்கதி, திறந்த கதவைத் திடீரென்று சாத்துவது. ட்விட்டர் கம்பெனி 2006-ல் கதவைத் திறந்தது. அதை நம்பி உலகம் பூராவும் சாப்ட்வேர் எழுதிப் பிழைத்தார்கள். 2023 ஜனவரியில் வெளி ஆப்களுக்கு வழி அடைபட்டது. அடுத்த மாதமே, இனி இலவசம் இல்லை என்று அறிவிப்பு. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆகவே "திறந்துவிட்டோம்" என்று மேளம் கொட்டுகிற கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வருஷத்துக்கு? சாத்துவதானால் எத்தனை மாதம் முன்னால் சொல்வீர்கள்? எழுத்தில் தருவீர்களா?

மானியத்தைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பதும் நிலைக்காது. ஓ.என்.டி.சி.யிலேயே ஊக்கத்தொகையைக் குறைத்தபிறகு சில்லறை ஆர்டர்கள் இறங்கின. வெங்காயம் தீர்ந்ததும் கூட்டம் கலைந்த கதைதான்.

அப்படியானால் வ.புதுப்பட்டிக்கு இதில் என்ன இருக்கிறது? இருக்கிறது. 2025 ஜூனில் பக்கத்து ஊர் கூமாபட்டியை ஒரு செல்போன் வீடியோ எப்படித் தூக்கி நிறுத்தியது! பிளவக்கல் அணையைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு எங்கே, இளநீர் என்ன விலை, மாம்பழம் எந்தத் தோப்பில் என்று சொல்ல எந்தப் பெரிய கம்பெனியும் ஆப் எழுதப் போவதில்லை. அவர்களுக்கு இந்த ஊர் கணக்கிலேயே கிடையாது. எழுதினால் உள்ளூர்ப் பையன்தான் எழுதவேண்டும். அவனுக்குத்தான் அந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காசு கேட்காமல்.

கடைக்காரரைச் சேர்க்க வருகிறவர்கள் படிவத்தைத் தமிழில் அச்சடித்துக்கொண்டு வரட்டும். எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதல் வரியிலேயே போடட்டும். மத்தியான நேரத்தில் வரட்டும். காலையும் மாலையும் வியாபார நேரம், பேச ஆள் கிடைக்காது.