தடுத்த கோல்களுக்கு யார் கணக்கு?

சிலாங்கூர் காற்பந்துக் குழுவின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார்? மாமாக் கடையில் இக்கேள்வியை எழுப்பினால், தே தாரிக் ஆறுவதற்குள் விவாதம் முடிந்துவிடும். மொக்தார் டஹாரி! நாட்டுக்காக அவர் அடித்தவை 89 கோல்கள். யார்தான் மறுப்பார்?

நான் ஆர். ஆறுமுகத்தின் பெயரைச் சொன்னேன். "நம்ம ஆளுன்னு சொல்றியா?" என்று சிரித்தான் நண்பன். அந்தச் சிரிப்புதான் இதை எழுத வைத்தது.

நம்மவர் என்பதற்காக நான் அவரை முன்மொழியவில்லை. மொக்தார் கோல் அடித்த அதே சிலாங்கூர் குழுவில் கோல் கம்பத்தைக் காத்தவர் அவர். 'ஸ்பைடர்மேன்' என்று இரசிகர்கள் அழைத்தார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற தேசியக் குழுவின் கோல் காவலரும் அவரே. நாடு அப்போட்டியைப் புறக்கணித்ததால் அந்த மேடை அவருக்குக் கிட்டவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 35.

அடித்த கோலுக்குக் கணக்கு உண்டு. தடுத்த கோலுக்கு? பார்த்தவர்களின் நினைவு மட்டுமே சாட்சி. அவர்களுக்கும் வயதாகிவிட்டது. 'நம்ம ஆளு' என்பதோடு நாமும் நிறுத்திக்கொண்டால், எல்லா இனத்தவரும் எழுந்து நின்று கைதட்டிய ஒரு திறமை நம் வீட்டுப் பெருமையாகச் சுருங்கிவிடாதா?

நண்பர்களே, இந்த விடுமுறையில் தாத்தாவிடமோ பெரியப்பாவிடமோ கேளுங்கள். எந்த ஆட்டம்? எந்தப் பந்து? எப்படிப் பாய்ந்து பிடித்தார்? கேட்டதை எழுதி வையுங்கள். மாமாக் கடையில் என் நண்பன் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறான்.