சபா முதல் கிராம சபை வரை: அறிவியல் பேசுறவங்க பழையசீவரத்துக்கு எப்போ வருவாங்க?

வாட்டர் ப்யூரிஃபையர் விற்க வருபவர்கள் காட்டும் ஒரு டெமோ பல வீடுகளுக்குப் பழக்கம். இரண்டு டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி கரண்ட் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் மட்டும் பழுப்பாகி, கசடு மிதக்கும். "பாருங்கம்மா, இதைத்தான் தினமும் குடிக்கிறீங்க!"

பார்த்தால் பயம் வரும். ஆனால் அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல; பெரும்பாலும் இரும்புக் கம்பியே கரைந்து வந்த துரு. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும், கம்பி வேகமாகக் கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் அங்கே பெரிதாக எதுவும் நடக்காது. அதே ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள், அதுவும் பழுப்பாகும்.

இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். விளக்க ஆள்தான் இல்லை. கிராமங்களில் இன்று அறிவியல் பேசும் 'கம்யூனிகேட்டர்' பல நேரம் சேல்ஸ்மேன்தான். அவர் பேசுவது தமிழ், வருவது வாசலுக்கே, கையில் டெமோவும் இருக்கிறது.

அப்போ நிஜமான அறிவியல் தொடர்பாளர்கள் எங்கே இருக்காங்க?

நகரத்தில் என்ன நடக்கிறது?

விஞ்ஞானி மக்களிடம் நேரடியாகப் பேசும் மேடைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. 1998-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டங்கன் டல்லாஸ் 'கஃபே சயின்டிஃபிக்' என்ற சந்திப்பைத் தொடங்கினார். ஒரு காபிக் கடை, ஒரு விஞ்ஞானி, சின்னப் பேச்சு, அதன் பிறகு நிறையக் கேள்விகள். அவ்வளவுதான் ஃபார்மட். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 2009 முதல் 'சாய் அண்ட் வொய்' நடத்துகிறது. டீயும் கேள்வியும்!

சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் 2016-ல் 'சயின்ஸ் அட் தி சபா'வைத் தொடங்கியது. டிசம்பர் சீசனில் கச்சேரி நடக்கும் மியூசிக் அகாடமி மேடையில், ஒரே மாலையில் பல விஞ்ஞானிகள் பேசுவார்கள். அனுமதி இலவசம். மத்திய அரசு ஆதரவில் 2015 முதல் நடக்கும் இந்திய சர்வதேச அறிவியல் திருவிழா 2017-ல் சென்னைக்கும் வந்தது.

இந்த நிகழ்ச்சிகளின் இன்னொரு பலன் நெட்வொர்க்கிங். பேச்சு முடிந்ததும் ஆராய்ச்சி மாணவர், யூடியூபர், பத்திரிகையாளர், ஆசிரியர் எல்லோரும் டீ டம்ளரோடு நின்று பேசுவார்கள், நம்பர் பரிமாறிக்கொள்வார்கள். அடுத்த முறை ஒரு செய்தி சரியா தப்பா என்று சந்தேகம் வந்தால், போன் போட ஒரு விஞ்ஞானி கிடைத்துவிடுகிறார். இது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், இந்த அறைகளில் இருப்பவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லது எளிதில் அறியக்கூடியவர்கள். பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலம். கிராமத்து அரசுப் பள்ளி ஆசிரியரின் போனில் அந்த நம்பர் ஏறுவதில்லை.

பழையசீவரம் ஏன்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில், செங்கல்பட்டு - காஞ்சிபுரம் சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர் பழையசீவரம். செங்கல்பட்டு - அரக்கோணம் ரயில் தடத்தில் ஸ்டேஷனும் உண்டு. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் இது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காக இங்குள்ள மலைக்கு எழுந்தருளி, பிறகு எதிர்க்கரையில் இருக்கும் திருமுக்கூடலுக்குப் போவார். கூட்டம் கூடுவது இந்த ஆற்றங்கரைக்குப் புதுசு இல்லை.

திருமுக்கூடல் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னர் வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே இயங்கிய ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை பற்றி அது சொல்கிறது. 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை மருத்துவம் செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் என எல்லாமே பொதுச் சுவரில். அதை வெட்டியதன் முதல் நோக்கம் நிவந்தக் கணக்கு. என்றாலும் ஊருக்கான மருத்துவ ஏற்பாடு ஊரார் கண்ணெதிரே நின்றது.

இன்று இதே கரையில் எழும் கேள்வி தண்ணீர் பற்றியது. கர்நாடகாவில் பிறந்து ஆந்திரா வழியாக வரும் பாலாற்றின் நீளம் சுமார் 348 கி.மீ. மேலே வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைகள். அவற்றின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். 2025 ஜனவரியில் மீண்டும் பாலாற்று மாசு பற்றி ஒரு தீர்ப்பு வந்தது. இதே ஆற்றுப் படுகையின் கிணறுகளிலிருந்துதான் சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளுக்கும் குடிநீர் போகிறது.

ஆகவே கீழ்க்கரையில் வாழும் ஒருவர் "எங்க ஊர் தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்பது நியாயம். அதற்குக் கிடைக்கும் பதில், பெரும்பாலும் ஒரு டிடிஎஸ் மீட்டர்.

டிடிஎஸ் எதைச் சொல்லாது?

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத பட்சத்தில் 2,000 வரை அனுமதி. மீட்டர் '800' காட்டினால் அது விஷம் என்று அர்த்தம் இல்லை.

மறுபக்கமும் உண்டு. மீட்டர் '150' காட்டினால் பாதுகாப்பு என்றும் அர்த்தம் இல்லை. மலக்கழிவிலிருந்து வரும் பாக்டீரியாவை அந்தக் கருவி காட்டாது. ஃப்ளோரைடு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லாது. அதற்கெல்லாம் தனித்தனிச் சோதனை வேண்டும்.

ஒரு குடும்பம் தேவையில்லாமல் ஆயிரக்கணக்கில் செலவழிக்கலாம். அல்லது தேவையான சோதனையைச் செய்யாமலே நிம்மதியாக இருந்துவிடலாம். அறிவியலை யார் சொல்கிறார் என்பது இப்படித்தான் வீட்டு பட்ஜெட்டிலும் உடம்பிலும் வந்து நிற்கிறது.

கிராமத்துக்கு அறிவியல் போனதே இல்லையா?

போயிருக்கிறது, அதுவும் பாட்டும் நாடகமுமாக. 1980-ல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கலைப்பயணங்கள் வழியே ஊர் ஊராகச் சென்றது. 1987-ல் நாடு முழுவதும் நடந்த பாரத மக்கள் அறிவியல் பயணம் அக்டோபர் 2-ல் கிளம்பி, நவம்பர் 7 அன்று போபாலில் நிறைவடைந்தது. சர் சி.வி.ராமன் பிறந்த நாள் அது. விஷவாயு கசிந்த ஊர் அது. நாளும் இடமும் யோசித்துத் தேர்ந்தவை. 90-களின் அறிவொளி இயக்கத்துக்கு இந்த அனுபவமும் ஒரு அடித்தளம். குழந்தைகளுக்கான 'துளிர்' இதழும் இந்த இயக்கத்திலிருந்து வந்ததுதான்.

அங்கேயும் நெட்வொர்க்கிங் இருந்தது, பெயர்தான் வேறு. பேச வந்த விஞ்ஞானி உள்ளூர் ஆசிரியர் வீட்டில் சாப்பிட்டார், தங்கினார், அடுத்த வருடமும் கடிதம் போட்டார்.

2023-ல் என்ன ஆச்சு?

அறிவியல் பரப்புதலுக்காக மத்திய அரசு 1989-ல் தொடங்கிய அமைப்பு விக்யான் பிரசார். புத்தகங்கள், வானொலித் தொடர்கள், பயிற்சிப் பட்டறைகள் எனப் பல மொழிகளில் வேலை செய்தது. தமிழில் 'அறிவியல் பலகை' இதழும் அதன் முயற்சிதான். 2023-ல் அந்த அமைப்பு மூடப்பட்டது. 1982 முதல் இயங்கும் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தொடர்புக் குழு இன்னும் இருக்கிறது. ஆனாலும் மாநில மொழிகளில் எழுதுபவரையும் பேசுபவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த ஓர் இடம் குறைந்துவிட்டது.

'யூடியூப் இருக்கே' என்று கேட்கலாம். இருக்கிறது, நல்ல தமிழ் சேனல்களும் இருக்கின்றன. ஆனால் வீடியோ கருந்துளையை விளக்கும். உங்கள் தெரு போர்வெல்லின் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லாது. அதற்கு எதிரே ஒரு ஆள் உட்கார வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்?

மேடை புதிதாகக் கட்ட வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூட வேண்டும். 2022-ல் சேர்க்கப்பட்ட இரண்டு நாள்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். குடவோலைக் கல்வெட்டால் உலகம் அறிந்த உத்திரமேரூர் இருக்கும் மாவட்டத்தில் சபையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆட்களும் உண்டு. ஜல் ஜீவன் திட்ட வழிகாட்டுதலின்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியால் தண்ணீரைப் பரிசோதிக்கப் பயிற்சி தரப்பட வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இருக்கிறார். சென்னையில் நீரியல் படித்தவர்களுக்கும் பஞ்சம் இல்லை. இவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை என்பதுதான் குறை.

அடுத்த முறை சென்னையில் ஒரு 'சைகாம் மீட்டப்' திட்டமிடுபவர்கள் அரங்க வாடகையை மிச்சப்படுத்திவிட்டு ரயில் ஏறலாம். இரண்டு டம்ளர், இரண்டு கம்பி, ஒரு சிட்டிகை உப்பு எடுத்துக்கொண்டால் போதும். டெமோ முடிந்ததும், ஊர்த் தண்ணீரின் சோதனை முடிவை எல்லோர் முன்னாலும் வரி வரியாகப் படிக்கலாம். கிளம்பும்போது அந்த ஐந்து பெண்களின் போனில் ஒரு நீரியல் நிபுணரின் நம்பர் இருக்க வேண்டும்.

அடுத்து வாசலில் யாராவது டம்ளரோடு வந்து நின்றால், அந்த நம்பருக்கு ஒரு போன் போடலாம். இல்லையென்றால் அடுப்படியிலிருந்து உப்பு டப்பாவை எடுத்துவந்து, "இந்த ஆர்ஓ தண்ணியிலயும் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேட்கலாம்.