ஜீனை வாசிக்கும் மெஷின் யாருக்கு?

"சார், ஆன்லைன்ல டிஎன்ஏ டெஸ்ட் விக்கிறாங்க. எச்சில் அனுப்பினா போதுமாம். எந்த டயட் ஒத்துக்கும், ஹார்ட் அட்டாக் வருமா வராதான்னு எல்லாம் சொல்லிடுவாங்களாம். எடுக்கலாமா?"

மாசத்துக்கு நாலு பேராவது இன்பாக்ஸில் கேட்கிற கேள்வி இது. வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தக் காசில் சுகர், பிரஷர், கொலஸ்டிரால் பாருங்க. மிச்சத்துக்கு நல்ல செருப்பு வாங்கி தினமும் நடங்க. இந்த வகை டெஸ்ட்களில் பலதும் ஜீனை முழுசா வாசிக்கிறதே இல்லை. சில லட்சம் இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்துட்டு ஜோசியம் சொல்லுது.

ஆனா ஜீனை நிஜமாவே வாசிச்சுப் பார்க்க வேண்டியவங்க எங்க அரசு மருத்துவமனை வார்டுல இருக்காங்க. அவங்க யாரும் இன்பாக்ஸில் வந்து கேட்கிறதில்லை. இப்படி ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. இந்தப் பதிவு அவங்களைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த மெஷின் என்னன்னு பார்த்துடுவோம்.

நம் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்டது. முதல் முறை அதை வாசிக்க 1990-ல் ஆரம்பித்து 2003 வரை ஆனது. பல நாடுகள் சேர்ந்து செய்த வேலை, செலவு சுமார் 270 கோடி டாலர். இன்னைக்கு ஒருத்தரின் முழு ஜீனோமை ஓரிரு நாளில் வாசிக்கலாம், சில நூறு டாலர் செலவில். இதைத்தான் நெக்ஸ்ட் ஜெனரேஷன் சீக்வென்சிங், சுருக்கமா என்ஜிஎஸ் என்கிறோம்.

எப்படி இவ்வளவு மலிவாச்சு? பழைய முறையில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா வாசிச்சாங்க. புது முறையில் டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, கோடிக்கணக்கான துண்டுகளை ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டிடுறாங்க. ஒவ்வொரு எழுத்தா சேரும்போது ஒரு நிறம் ஒளிரும். கேமரா அத்தனையையும் ஒரே நேரத்தில் படம் பிடிக்கும். அப்புறம் கம்ப்யூட்டர் அந்தத் துண்டுகளை ஏற்கெனவே தெரிந்த மனித ஜீனோமோடு பொருத்தி அடுக்கும். இந்த முறையைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் ஷங்கர் பாலசுப்ரமணியன், 1966-ல் சென்னையில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து 1997 வாக்கில் யோசித்தது இது. அந்த யோசனை உருவானதில் ஒரு பப்புக்கும் பங்கு உண்டு, அது வேற கதை.

சரி, வார்டுக்கு வருவோம்.

கர்ப்பிணிகளுக்கான ஓபியில் ஒரு அம்மா. ஏழாம் மாசம், மூணாவது பிரசவம். முதல் இரண்டு குழந்தைகளும் நல்லா பிறந்து, சில நாளில் பால் குடிக்கிறதை நிறுத்தி, ஃபிட்ஸ் வந்து, ஆறு மாசம் தாண்டல. ஒரு குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் செப்சிஸ்னு இருக்கு. இன்னொண்ணுல பிறக்கும்போது மூச்சுத்திணறல்னு இருக்கு. கணவர் அவங்க சொந்தத் தாய்மாமன். வீட்ல குலதெய்வக் குத்தம்னு பரிகாரம் எல்லாம் முடிச்சாச்சு. மாமியார் வாயில் இந்தப் பொண்ணுக்கு என்ன பேர்னு நான் எழுத வேண்டியதில்லை.

இரண்டு குழந்தைகளிடமும் எடுத்து வைத்த ரத்தம் ஒரு சொட்டுகூட எங்கேயும் இல்லை. அம்மா அப்பா இருவரின் ஜீனையும் வாசிச்சு, ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுது இருக்கான்னு தேடலாம். ஆனா முடிவு வர வாரக்கணக்கு ஆகும், பல ஆயிரம் ரூபாய் செலவு, இங்கே கையில் இருப்பதோ இரண்டு மாசம். பிரசவத்துக்குப் பிறந்த ஊருக்குப் போனாங்க. அப்புறம் வரல.

இந்த மாதிரி நோய்களில் பெரும்பாலும் கணக்கு ஒண்ணுதான். ஒவ்வொரு ஜீனும் நம்மகிட்ட இரண்டு பிரதி, அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு. ஒண்ணு பழுதானா இன்னொண்ணு சமாளிச்சுக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பேரிடமும் அதே பழுது இருந்தா, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. "ஒண்ணு போயிடுச்சு, இனி மூணு நல்லா இருக்கும்" என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுசா நாலில் ஒண்ணு.

தாய்மாமனும் அக்கா மகளும் ஜீன்களில் நாலில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு.

"நாங்க சொந்தத்துல கட்டல டாக்டர், அசல்லதான்" என்று சொல்பவர்களும் கவனிங்க. தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களின் டிஎன்ஏவை ஆராய்ந்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் 81 சமூகங்கள், சில மூதாதையர்களிடமிருந்து கிளைத்து உள்ளுக்குள்ளேயே மணம் முடித்த தடயத்தை, அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்துக்காரர்களையும்விட அழுத்தமாக் காட்டின. அசல்னு நாம சொல்றது, அதே சாதிக்குள்ள பக்கத்து ஊர். அவ்வளவுதான்.

இதுக்கு உதாரணம் எந்த மயக்கவியல் டாக்டரைக் கேட்டாலும் கிடைக்கும். ஆரிய வைசிய சமூகத்தில் சிலருக்கு ஒரு என்சைம் குறைவு. மற்றவர்களுக்குச் சில நிமிஷத்தில் தெளியும் சக்சினில்கோலின் என்கிற தசைத்தளர்வு மருந்து, இவர்களுக்கு மணிக்கணக்கில் தெளியாது. அதுவரை வெண்டிலேட்டர்தான். ஆபரேஷனுக்கு முன் டாக்டர் சாதி கேட்டால் எல்லா நேரமும் கோபப்படாதீங்க. (சில நேரம் படலாம்.)

அஷ்கெனாசி யூதர்கள் என்ன செய்தார்கள்? அவர்களிடம் டே-சாக்ஸ் என்கிற நோய் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. 1970-களில் சமூகமே முன்வந்து, கல்யாணத்துக்கு முன்னும் கர்ப்பத்துக்கு முன்னும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அமெரிக்க, கனடா யூதர்களிடம் அந்த நோய் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அப்போ என்ஜிஎஸ் கிடையாது. எதைத் தேடணும்னு தெரிஞ்சிருந்தது, அது போதுமா இருந்தது.

நம்ம சிக்கல் இங்கேதான். எதைத் தேடணும்னு நமக்குப் பாதி தெரியாது. உங்க ஜீனோமை வாசித்தால் ஒப்பீட்டு ஜீனோமிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும். பெரும்பாலானவை ஒண்ணும் செய்யாதவை. எது சும்மா, எது வில்லங்கம்னு எப்படிச் சொல்வது? நம்மைப் போன்ற ஆரோக்கியமானவர்களிடம் அது சகஜமா இருக்கான்னு பார்த்துத்தான். உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதனால்தான் நம்ம ஊர் ரிப்போர்ட்களில் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்ற வரி அடிக்கடி வருது. காசையும் கட்டிட்டு, அந்த வரியைக் கையில் வச்சுக்கிட்டு பெற்றோர் நம்மைப் பார்ப்பாங்க பாருங்க...

அமெரிக்காவில் இதைவிட மோசமா நடந்திருக்கு. கறுப்பின நோயாளிகள் சிலருக்கு, இதயத்தசை தடிக்கும் நோயை உண்டாக்கும் ஜீன் மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் கொடுத்தார்கள். அந்த மாற்றங்கள் கறுப்பினத்தவரிடம் சகஜம், ஒரு தீங்கும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆரம்ப ஆய்வுகளில் கறுப்பினத்தவர் சிலரையாவது சேர்த்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காதுன்னு 2016-ல் வந்த ஆய்வு காட்டியது.

ஆகவே ஜீனோம் இந்தியா திட்டத்தை நான் மனசார வரவேற்கிறேன். 83 சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் ஜீனோம். 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆரம்பத்துக்கு நல்லது. ஆனா நம்ம நாட்டில் உள்ள உட்பிரிவுகளின் எண்ணிக்கைக்கு 83 எங்கே?

மெஷின் வாங்குறது பெரிய விஷயமில்லை. கொரோனா காலத்தில், 2021-லேயே தமிழ்நாடு அரசு சென்னையில் சொந்த சீக்வென்சிங் ஆய்வகம் திறந்தது. வைரஸுக்கு முடிந்தது குழந்தைகளுக்கும் முடியணும். காரணம் தெரியாத ஃபிட்ஸ், வளர்ச்சிக் குறைபாடு, அடுத்தடுத்து குழந்தை மரணம்னு வரும் குடும்பங்களுக்கு, மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இந்தப் பரிசோதனை இலவசமாக் கிடைக்கணும். கூடவே, அந்த ரிப்போர்ட்டைத் தமிழில் உட்கார்ந்து விளக்க ஒரு ஜெனடிக் கவுன்சிலர் வேணும். அந்தப் பதவி இல்லாம மெஷினை மட்டும் வாங்கி வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க, மருந்தா இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு: சிலதுக்கு இருக்கு. பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு பயோட்டின் மாத்திரை, ஒரு வகை ஃபிட்ஸுக்கு வைட்டமின் பி6. இரண்டும் மலிவானவை. மருந்தே இல்லாத நோயானாலும், அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்திலிருந்து நஞ்சுக்கொடியில் துளி எடுத்துப் பார்த்துச் சொல்லலாம். அந்தப் பொண்ணு மேல விழுந்த பழியாவது போகும். பழுது இரண்டு பக்கமும் இருந்திருக்கு என்று கையெழுத்துப் போட்ட காகிதம் அது.

அதுவரை இரண்டு விஷயம்.

சக மருத்துவர்களே, காரணம் பிடிபடாமல் ஒரு குழந்தை மோசமாகிறது என்றால், பெற்றோரிடம் சொல்லிவிட்டு, ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, டிஎன்ஏவைப் பிரித்துச் சேமிக்க ஏற்பாடு செய்யுங்க. அந்த நேரத்தில் கேட்கக் கஷ்டமாத்தான் இருக்கும். கேளுங்க.

பெற்றோர்களே, இப்படி ஒரு குழந்தையை இழந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடியே பெரிய அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் போய் ஜெனடிக்ஸ் ஆலோசனை வேணும்னு கேளுங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், குழந்தையின் போட்டோ, ஃபிட்ஸ் வீடியோ இருந்தா அதுவும் எடுத்துட்டுப் போங்க. கணவர் என்ன உறவுன்னு கூச்சப்படாம சொல்லுங்க. துக்கத்தில் அந்த ஃபைலைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க.